பிடரியைப் பிடிக்கக் கூடாது

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். கம்பம் வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் சின்னமனூர்ல இறங்கணும். ஆரப்பாளையத்துல ஏறுனதுல இருந்து இந்த சீட்டுக்கு ஒரு ஆள் வரல. வர்றவங்க ஒரு பார்வை பாத்துட்டுப் பின்னால போயிடுறாங்க. என்ன இப்படி இருமுறீங்க? மருந்து ஒண்ணும் சாப்பிடறதில்லையா? இந்தாங்க, இஞ்சி மரப்பா. பஸ் ஸ்டாண்டுல இப்பதான் வாங்குனது. வேண்டாம்னெல்லாம் சொல்லக் கூடாது. கையிலயாவது வாங்கிக்கங்க, அப்புறமாப் போட்டுக்கலாம்.

விரல்ல கட்டைப் பாக்கறீங்க. எல்லாரும்தான் பாக்கறாங்க. கண்டக்டர்கூடக் கேட்டாரு, கதவு இடுக்குல மாட்டிக்கிச்சாம்மானு. கதவு இல்ல. கடி. நான் கூடை கூடையா எலி பாத்தவ தம்பி, ஒரு எலி என் மேல பல்லு வச்சதில்ல. இது எங்க வீட்டுக்காரர் கடிச்சது.

சிரிச்சுக்கங்க, பரவாயில்ல. நான் சிரிக்கிற நிலைமையில இல்ல. அவரைக் கூட்டியாரத்தான் போய்க்கிட்டு இருக்கேன். சின்னமனூர்ல அவரு தங்கச்சி வீட்டுல போய் உக்காந்துக்கிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. லேசா பக்கவாதம் வந்த மனுஷன், வலது கை இன்னும் சரியா வரல. ரத்தம் உறையாம இருக்கவும் பிரஷருக்கும் டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. விட்டீங்கன்னா திரும்ப வரும்மா, அடுத்த தடவை லேசா வராதுன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு. அந்த மாத்திரைதான் இந்தப் பையில இருக்கு. அதை என் கையால அவர் வாயில போட்டு, முழுங்கினதை என் கண்ணால பாக்காம நான் மதுரைக்குத் திரும்பறதா இல்ல.

எலியா? அதானே, எலி எங்கேயிருந்து வந்ததுன்னு கேக்கறீங்க. சொல்றேன். உசிலம்பட்டி தாண்டுறதுக்குள்ள பாதி சொல்லிடுவேன்.

எங்க காலனியில குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்தான். தில்லைநாயகின்னு சொன்னா அந்தப் பக்கம் ஆட்டோக்காரங்களுக்குக்கூடத் தெரியும். ஒரு தடவை நாய் பிடிக்கிற வண்டி வந்து, கழுத்துல கம்பிச் சுருக்குப் போட்டுத் தரதரன்னு இழுத்தாங்க. நான் போய் வண்டிக்கு முன்னால ரோட்டுல உக்காந்துட்டேன். வெயில்னா வெயில், சித்திரை வெயில். நகரலையே நான். பேப்பர்ல போட்டோ வந்தது. அதைப் பாத்துட்டுத்தான் அந்தக் கல்லூரிக்காரங்க வீட்டுக்கு வந்தாங்க. நாலு வழிச் சாலையில இருக்கிற ஒரு மருந்தியல் கல்லூரி. பேரு வேண்டாம், அவங்களும் பொழைக்கணும்.

மிருகத்தை வச்சு ஆராய்ச்சி பண்ற இடத்துல ஒரு கமிட்டி இருக்கணுமாம். அதுல அந்தப் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாள் ஒருத்தரும் இருக்கணுமாம். அந்த வெளியாள் நான். கமிட்டி ஒத்துக்கிட்டாத்தான் ஆராய்ச்சி நடக்கும். கேக்கறதுக்குப் பெருசா இருக்கு இல்ல? ஆனா அங்க நடந்தது என்னன்னா, ஏசி ரூம், முந்திரி பிஸ்கட்டு, காப்பி, மேடம் இங்க ஒரு கையெழுத்து, மேடம் இங்க இன்னொண்ணு, கார்ல கொண்டாந்து வீட்டுல விட்டுருவாங்க. நானும் கொஞ்ச நாள் பிஸ்கட்டு தின்னேன். ஒரு நாள் என்னமோ தோணுச்சு. எலிக்கு மருந்து குடுக்கறோம் குடுக்கறோம்னு எழுதியிருக்கீங்களே, எப்படிக் குடுப்பீங்க, நான் பாக்கணும்னேன்.

அருள்செல்வன்னு ஒரு பேராசிரியர், அவருதான் எல்லாத்துக்கும் தலை. நல்ல மனுஷன்தான், குரல் உசராது. கூட்டிட்டுப் போனாரு. ரூம் சுத்தமா இருந்துச்சு, அதைச் சொல்லணும். வெள்ளை எலிங்க, செவப்புக் கண்ணு. ஊசி மாதிரி ஒரு இரும்புக் குழாய் தம்பி, முனை கூரா இருக்காது, மணி மாதிரி உருண்டையா இருக்கும். எலியோட பிடரியைக் கொத்தாப் பிடிச்சுத் தூக்கி, தலையைப் பின்னால சாய்ச்சு, அந்தக் குழாயைத் தொண்டைக்குள்ள இறக்கி மருந்தைத் தள்ளுறாங்க. அது கத்தக்கூட முடியாது. முன்னங்காலு ரெண்டும் குழாயைத் தள்ளிவிடப் பாக்குது. கண்ணு பிதுங்குது. தினமும் இதானாம். மூட்டுவலிக்கு ஒரு மூலிகைச் சாறு, அதைத் தினமும் இப்படி.

வெளிய வந்து தண்ணி குடிச்சுட்டு, கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன்.

"மேடம், உலகம் பூரா இப்படித்தான் குடுக்கறாங்க. பழகின கை செஞ்சா அதுக்கு வலிக்காது" அப்படின்னாரு அருள்செல்வன் சார்.

"அப்படியா சார். உங்க தொண்டையில ஒரு தடவை விட்டுக் காட்டுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" அப்படின்னேன்.

அவரு ஃபைலை மூடிட்டாரு. கார் அனுப்பல. நான் ஷேர் ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்தேன். எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, என்ன இன்னைக்கு லேட்டுன்னு. நடந்ததைச் சொன்னேன். அப்ப அவரு நல்லா இருந்தாரு, அந்த வியாதி வரல. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அதிகம் பேச மாட்டாரு. நான் பேசறதே ரெண்டு பேருக்கும் போதும்னு சொல்வாரு. அன்னைக்கு என்னமோ என்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, நல்ல காரியம் பண்ணினடின்னாரு. அவரு வாயில இருந்து அந்த மாதிரி வர்றது லேசு இல்ல.

மரப்பாவை இன்னும் கையிலயே வச்சிருக்கீங்க. சரி சரி, போட்டுக்குவீங்க.

அந்த எலி ஆராய்ச்சி பண்றது ரிஸ்வானான்னு ஒரு புள்ள. டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, பேசினா பாதி வார்த்தை தொண்டையிலயே நின்னுக்கும். நான் கையெழுத்துப் போடாததால அவ வேலை நின்னு போச்சு. படிச்சு முடிக்க கெடு இருக்காம் அவளுக்கு. ஒரு நாள் என்னை வராண்டாவுல நிறுத்தி, கண்ணெல்லாம் செவந்து போய், ஆன்ட்டி வேற வழி இருக்குன்னுச்சு. எலியைப் பிடிக்காமலே அதுவா வந்து மருந்தைக் குடிக்கிற மாதிரி பழக்கலாம், வெளிநாட்டுல செய்யறாங்க, நான் நெறையப் படிச்சு வச்சிருக்கேன், சார்கிட்ட சொல்லப் பயமா இருக்குன்னுச்சு. நீ பயப்படாதடி, நான் சொல்றேன்னேன். அடுத்த கமிட்டியில எந்திரிச்சு நின்னு சொன்னேன். என் யோசனைன்னுதான் சொன்னேன். அவ பேரைச் சொன்னா அவளுக்குத்தானே தொந்தரவு? புள்ள அன்னைக்கு மூலையில உக்காந்து அழுதா. சந்தோஷந்தான்.

அருள்செல்வன் சார் முடியாதுன்னு சொல்லல. செஞ்சு காட்டுங்க மேடம்னாரு. எனக்குச் சொல்லணுமா. எலிக்கு என்ன பிடிக்கும்னு மதுரைக்காரிக்கு ஒருத்தன் பாடம் எடுக்கணுமா? பொறியில நாம என்ன வைக்கிறோம்? நேரா போய் டீக்கடையில சூடா மசால்வடை வாங்கிட்டுப் போனேன். மருந்தை வடைக்குள்ள வச்சு அமுக்கிக் கூண்டுல போட்டா, வாசத்துக்கே ஓடி வரும்னு பாத்தேன். ரிஸ்வானா என்னமோ சொல்ல வந்தா. இரு புள்ள, நீ அப்புறம் பேசுன்னுட்டேன். கமிட்டிக்காரங்க எல்லாம் சுத்தி நின்னாங்க.

ஒரு எலி வந்துச்சு. மோந்து பாத்துச்சு. திரும்பிப் போய், கீழ போட்டிருக்கிற மரத்தூளைக் காலால தள்ளித் தள்ளி வடை மேல போட்டு மூடிருச்சு. அடுத்த கூண்டுலயும் அதே கதைதான். அருள்செல்வன் சார் சிரிக்கல. மத்தவங்க சிரிச்சாங்க.

அப்புறந்தான் ரிஸ்வானா சொன்னா. இதுங்க பொறந்ததே இந்தக் கூண்டுல, ஒரே மாதிரி தீனி உருண்டையைத் தின்னு வளர்ந்ததுங்க, புதுசா எதைக் கண்டாலும் எலி நம்பாது ஆன்ட்டி. அப்படியே நம்பித் தின்னாலும் பாதி தின்னு பாதி விட்டா எவ்வளவு மருந்து உள்ள போச்சுன்னு எப்படித் தெரியும்? இன்னொண்ணும் சொன்னா, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அது தினமும் திங்கிற தீனியிலயே கசப்பைக் கலந்து ஏமாத்தினீங்கன்னா, மருந்தும் உள்ள போகாது, அந்தத் தீனியையும் அது வெறுத்துரும், அப்புறம் நல்ல தீனியைக் குடுத்தாக்கூடத் தொடாது. எவ்வளவு உண்மை பாருங்க. நான் இதைக் காலனி மகளிர் தினக் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சுச் சொன்னேன். கை தட்டினாங்க.

பெறகு அவ வழியிலயே விட்டோம். தினமும் கூண்டுக்குள்ள கையை வைப்பா. அவ்வளவுதான். பிடிக்க மாட்டா, தொட மாட்டா, சும்மா வச்சிருப்பா. எலி வந்து மோந்துட்டுப் போகும். அப்புறம் ஊசி இல்லாத சிரிஞ்சுல இனிப்புக் கட்டிப்பாலைத் தண்ணி விட்டுக் கலந்து, முனையில ஒரு சொட்டு நிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு இருப்பா. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். மருந்தே கிடையாது அதுல, வெறும் பாலு. நக்குறதும் நக்காததும் அது இஷ்டம். எனக்குப் பாத்துக்கிட்டு நிக்கவே பொறுக்காது. நான் ஓடியாடி வேலை பாத்த உடம்பு, ஒரு கையைக் கூண்டுக்குள்ள வச்சுட்டு அரை நாள் சும்மா இருன்னா எப்படி?

அதுல ஒரு எலி, வால்ல நீலக்கோடு போட்டு அடையாளம் வச்சிருந்தது. அது மட்டும் வரமாட்டேன்னு அழும்பு பண்ணுச்சு. மத்ததெல்லாம் நக்க ஆரம்பிச்சிருச்சு, இது தள்ளியே நிக்குது. ரிஸ்வானா சாப்பிடப் போன நேரம், நான் அதைப் பிடிச்சேன். முரட்டுத்தனமா எல்லாம் இல்ல, நல்லதுக்குத்தான். கழுத்தை லேசா அமுக்கிப் பிடிச்சு, சிரிஞ்சை வாய்க்குள்ள வச்சு ஒரு தள்ளு. இனிப்புப் பால்தானே தம்பி, விஷமா? ருசி தெரிஞ்சா அப்புறம் தானா வரும்னு நெனச்சேன். அன்னையில இருந்து அது சிரிஞ்சைக் கண்டாலே மூலைக்கு ஓடிச்சு. ரிஸ்வானா கையைக்கூட நம்பல. கடைசி வரைக்கும் வரல. அதை ஆராய்ச்சியில இருந்தே எடுக்க வேண்டியதாப் போச்சு. ரிஸ்வானா அன்னைக்கு எங்கிட்ட, ஆன்ட்டி நீங்க இனிமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்க, உங்க பவுடர் வாசம் எலிக்கு ஆகலைன்னா. சரின்னுட்டேன். பவுடருக்கு நான் என்ன பண்றது.

ஆனா நடந்தது நடந்துச்சு தம்பி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு நான் பாத்தேன். அவ சிரிஞ்சைக் கொண்டுட்டு உள்ள போனாலே எல்லாம் கூண்டு வாசல்ல வந்து நிக்கும். ரெண்டு கையாலயும் சிரிஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, கைக்கொழந்தை பால் புட்டியைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டுக் குடிக்கும். அப்புறம் மெதுவா மருந்தைக் கலந்தா. அந்தக் கசப்பு மருந்தை, ஒரு சொட்டு கீழ விடாம, நம்ம கண்ணு முன்னால குடிக்குது. எவ்வளவு குடிச்சதுன்னு கணக்குக்குக் கணக்கு. கழுத்தைப் பிடிக்கல, குழாய் இறக்கல. நான் அழுதுட்டேன். சும்மா சொல்லல, கண்ணாடியில தலையை வச்சு அழுதேன்.

அருள்செல்வன் சாரும் வந்து பாத்தாரு. அப்புறம், இந்தக் கல்லூரியில முடிஞ்ச வரைக்கும் எல்லாரும் இப்படியே குடுக்கட்டும்னுட்டாரு. விதியா எழுதினாங்க. முதல் வரி நான் சொன்னது, நான் சொன்ன வார்த்தையிலயே எழுதினாங்க. பிடரியைப் பிடிக்கக் கூடாது. எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. இதோ, பையில இருக்கு பாருங்க, சரிகை எப்படி இருக்கு. அவர்கிட்டக் காட்டணும்னுதான் எடுத்துட்டு வந்தேன். அவரு இன்னும் பாக்கல.

பாக்காததுக்குக் காரணம் இருக்கு.

அந்த எலிங்க பாலுக்குப் பழகின சமயத்துலதான் அவருக்கு வந்துச்சு. காலையில பாத்ரூம்ல தொம்முன்னு ஒரு சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினா, செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. என் பேரைச் சொல்லப் பாக்கறாரு, வரல. கல்யாணமான நாள்ல இருந்து அந்த மனுஷன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல தம்பி. அன்னைக்குத்தான் கூப்பிடப் பாத்தாரு. அதுவும் வரல.

நல்லவேளை, சீக்கிரம் கொண்டு போயிட்டோம். பேச்சு வந்துருச்சு, நடை வந்துருச்சு. கைதான் கொஞ்சம் நடுங்கும். மாத்திரை ரெண்டு வேளை. மொதல்ல அவரேதான் போட்டுக்கிட்டாரு. ஒரு நாள் வீடு கூட்டும்போது கட்டிலுக்கு அடியில ஒரு மாத்திரை கிடக்கு. என்னங்க இதுன்னேன். கை தவறி விழுந்துருச்சுன்னாரு. கை தவறிச்சாம். இன்னும் எத்தனை தவறிச்சோ, யாரு கண்டா? அன்னையில இருந்து மாத்திரை டப்பா அலமாரிக்குள்ள, சாவி என் இடுப்புல. பக்கத்துல நின்னு நானே வாயில போட்டு, தண்ணி ஊத்தி, வாயத் திறங்க, நாக்கத் தூக்குங்க, ம், இப்ப போங்கன்னுதான் விடுவேன். எதிர் வீட்டுக்காரங்க வந்திருந்தாலும் அப்படித்தான். உயிர் விஷயத்துல என்ன வெக்கம்?

கொஞ்ச நாள் கழிச்சு வாயத் திறக்க மாட்டேன்னுட்டாரு. பேச மாட்டாரு, சண்டை போட மாட்டாரு, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பாரு. நான் விடுவேனா. மாத்திரையைப் பொடி பண்ணித் தயிர்சோத்துல கலந்தேன். தயிர்சோறுன்னா அவருக்கு உசுரு. கல்யாண வீட்டுல பாயாசம் வரைக்கும் தின்னுட்டு வந்தும் வீட்டுல ஒரு கை தயிர்சோறு தின்னுட்டுத்தான் படுப்பாரு. ரெண்டு நாள் தின்னாரு. மூணாம் நாள் ஒரு வாய் வச்சாரு, என்னைப் பாத்தாரு, தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதோட சரி. தயிர்சோறு தொடறதில்ல. மாத்திரை இல்லங்க, வெறும் தயிர்தாங்க, சத்தியமாங்கன்னு சொல்றேன். நம்பல. அப்புறம் சாம்பாரும் இறங்கல. என் கையால எது வச்சாலும் மோந்து பாக்கறாரு தம்பி. பட்டினி கிடப்பேன்னு ஒரு வீம்பு. வயசானா மனுஷனுக்கு வர்ற கோளாறு இது, வேற ஒண்ணும் இல்ல.

கடைசியில அன்னைக்கு, வேற வழி இல்லாம, மூக்கைப் பிடிச்சேன். நாம எல்லாம் சின்னப் புள்ளையில விளக்கெண்ணெய் குடிச்சதே அப்படித்தானே? எந்தப் புள்ள செத்துப் போச்சு? கழுத்துக்குப் பின்னால ஒரு கையைக் குடுத்துச் சாய்ச்சு, மூக்கைப் பிடிச்சதும் வாய் திறந்துச்சு, விரலை விட்டு மாத்திரையை உள்ள தள்ளினேன். கடிச்சாரு. நல்லா கடிச்சாரு. அந்த நடுங்குற கையால என் கையைத் தள்ளித் தள்ளி விடறாரு. கண்ணுல தண்ணி. என் கண்ணுலயும்தான். ஆனா மாத்திரை உள்ள போச்சு. அதுதானே வேணும்.

மறுநாள்தான் பொன்னாடை. நல்ல பட்டுச் சேலையா எடுத்துக் கட்டினேன். வர்றீங்களான்னு கேட்டேன், தலையை ஆட்டிட்டாரு. விரல்ல கட்டோட மேடை ஏறினேன். ஐயோ, எலி கடிச்சிருச்சா மேடம்னு எல்லாரும் பதறிப் போயிட்டாங்க. நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. மேடத்தோட கருணைன்னு அருள்செல்வன் சார் ஆரம்பிச்சு ரொம்ப நேரம் பேசினாரு. ரிஸ்வானாவுக்கும் ஒரு பேனா குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா ஆளைக் காணோம். எதிர் வீட்டுக்காரங்க சொல்றாங்க, ஐயா ஒரு மஞ்சப்பையோட ஆட்டோ ஏறினாரும்மான்னு. அந்தக் கையை வச்சுக்கிட்டுப் பஸ் ஏறி, இவ்வளவு தூரம் தனியாப் போயிருக்காரு. என்ன துணிச்சல் பாருங்க. அன்னைக்குன்னு சாவியை அலமாரியிலயே வச்சுட்டுப் போயிட்டேன். மாத்திரை டப்பாவும் இல்ல. எடுத்துட்டுப் போயிருக்காரு. வழியில எங்கயாவது வீசத்தான்.

நாத்தனா பூரணம் போன் பண்ணினா. அண்ணன் இங்கதான் இருக்காக மதினி, கவலைப்படாதீகன்னா. மாத்திரைன்னேன். அதெல்லாம் அவுகளே போட்டுக்கிறாகன்னா. எப்படின்னேன்.

"சோறு வைக்கும்போது தட்டு ஓரத்துல மாத்திரையையும் வச்சிட்டு நான் அடுப்படிக்குப் போயிடுவேன் மதினி. திரும்பி வந்து பாத்தா இருக்காது. தயிர்சோறு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் திங்கிறாக."

கேட்டீங்களா. அடுப்படிக்குப் போயிடுவாளாம். நின்னு பாக்க மாட்டாளாம். அப்ப அந்த மாத்திரை எங்க போச்சுன்னு யாரு பாத்தா? சன்னலுக்கு வெளிய போச்சோ, பூனைக்குப் போச்சோ. ஆஸ்பத்திரியில பிரஷர் பாத்தாங்களாம், ரொம்ப நல்லா இருக்குன்னாங்களாம். அந்த மெஷின் எந்தக் காலத்து மெஷினோ. பூரணம் வெள்ளந்தி, அவ கண்ணுல மண்ணைத் தூவுறது லேசு. என் கண்ணுல தூவ முடியாது. அதான் புதுசா மாத்திரை வாங்கிட்டு நேரா போறேன்.

ரிஸ்வானாவுக்கும் போன் போட்டேன். நல்ல புள்ள, அவகிட்டதான் மனசு விட்டுச் சொன்னேன், விரல் கடிச்சதுல இருந்து எல்லாம். அப்புறம், ஆன்ட்டி, அந்த நீலக்கோடு எலி ஞாபகம் இருக்கான்னு கேட்டா. இருக்குன்னேன். வேற ஒண்ணும் சொல்லல, வச்சுட்டா. என்னத்துக்கு அந்த நேரத்துல எலியைப் பத்திப் பேசினான்னு எனக்கு இன்னும் விளங்கல. படிச்சுப் படிச்சு மூளை பூரா எலிதான் அவளுக்கு.

எலியும் மனுஷனும் ஒண்ணா தம்பி? எலிக்குத் தெரியாது, நாம பொறுமையா இருக்கணும். இவருக்குத் தெரியாதா? செத்துப் போயிருவீங்கன்னு சொன்னாப் புரியாதா? எலி செத்தா ரிஸ்வானா ஒரு எலியைத்தான் இழப்பா. இவரு போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அந்த வீட்டுல நான் யாருகிட்டப் பேசுவேன்? எனக்குப் பயமா இருக்கு. ஊரையே எதிர்த்து ரோட்டுல உக்காந்தவதான், ஆனா பாத்ரூம்ல எதாவது விழுந்தா, வெறும் சோப்பு டப்பா விழுந்தாக்கூட, எனக்குக் கை கால் ஓடாது. இதை அவர்கிட்டச் சொன்னதில்ல. சொல்லி என்ன ஆகப் போகுது, மாத்திரையை முழுங்கச் சொன்னாப் போதும்.

வீரபாண்டி தாண்டிருச்சு போல. இனி கொஞ்ச தூரந்தான். தம்பி, உங்களைப் பாத்தா நல்ல புள்ளையாத் தெரியறீங்க, ஒரு உதவி கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்கல்ல? சின்னமனூர்ல என்கூட இறங்குங்களேன். பஸ் ஸ்டாண்டுல இருந்து கிட்டத்துலதான் வீடு. பூரணம் நல்லா காப்பி போடுவா. அவரு கை ரெண்டையும் மெதுவா ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாப் போதும், மத்ததை நான் பாத்துக்குவேன். ஒரு நிமிஷ வேலை. அடுத்த பஸ்ல கம்பம் போயிரலாம்.

என்ன தம்பி, ஏன் அந்த ஓரத்துக்கே போயிட்டீங்க? விழுந்துரப் போறீங்க.

ஆமா, மரப்பா எங்க? கையில இல்லையே. இருமல் நின்ன மாதிரியும் தெரியல. இந்தா, சீட்டுக்குக் கீழ கிடக்குது. கை தவறி விழுந்துருச்சா? அவரும் இதையேதான் சொன்னாரு. ஒரு எழுத்து மாறல.

சரி. நான் ஒண்ணும் சொல்லல. இந்தாங்க, இன்னொண்ணு இருக்கு. கையில குடுக்க மாட்டேன். இங்க, நமக்கு நடுவுல, இந்தக் காகிதத்து மேல வைக்கிறேன். பூரணம் வைக்கிற மாதிரி. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிறேன். எடுத்தா எடுங்க, எடுக்காட்டிப் போங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. அங்க பாருங்க, வாழைத் தோட்டம் எவ்வளவு தூரம் போகுது. எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கத்துத் தோப்பு பூராவும் தெரியும். சின்ன வயசுல இங்க வாய்க்கால்லதான் நீச்சல் பழகினாராம். நான் திரும்பல தம்பி. திரும்பவே இல்ல. இவ்வளவு நேரம் ஒருத்தரைப் பாக்காம இருக்கறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது.

இஞ்சி வாசம் வருது.

காகிதம் காலியா இருக்கு. சரி. நம்பறேன். நீங்களாவே எடுத்துப் போட்டுக்கிட்டீங்க, யாரும் உங்களைப் பிடிக்கல, நம்பறேன். சின்னமனூர் வந்துருச்சு, கொஞ்சம் வழி விடுங்க. ஆனாலும் தம்பி, நான் இறங்கறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, கோவிச்சுக்காம, வாயத் திறந்து நாக்கத் தூக்கிக் காட்டிருங்க.